பறக்காத விமானத்துக்குப் பாதுகாப்பு

ஒரகடத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொன்னால், அங்கே ஏது விமானம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய தகரக் கொட்டகையை நடுவில் தகரத்தாலேயே தடுத்து இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு பாதியில் கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி. இன்னொரு பாதியில் எங்கள் பயிற்சி மையம். எங்கள் பாதியில் ஒரு பயணிகள் விமானத்தின் மூக்குப் பகுதி மட்டும், அதாவது விமானிகள் இருவர் உட்காரும் அறை மட்டும், ஆறு இரும்புக் கால்களில் நிற்கிறது. கால்கள் கான்கிரீட் தரையில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டவை. முன்னால் வளைந்த வெள்ளைத் திரை. திரையில் ஓடுபாதை வரும், மேகம் வரும், மழை வரும். சிமுலேட்டர் என்று சொல்வோம். லைசென்ஸ் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், விமானக் கம்பெனியின் தேர்வுக்கு முன்னால் வந்து இதில் பழகிவிட்டுப் போவார்கள்.

முன்பு நான் நிஜ விமானத்தில்தான் கற்றுக்கொடுத்தேன், வேறு மாநிலத்தில், எட்டு வருடம். பிறகு இடது காதுக்குள் ஏதோ கோளாறு வந்து, தலையைச் சட்டென்று திருப்பினால் உலகம் சுற்ற ஆரம்பித்தது. பறக்கத் தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட மருத்துவர் மறுத்துவிட்டார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு, ஸ்கூட்டரில் இந்தத் தகரக் கொட்டகைக்கு வந்துபோகத் தொடங்கினேன். தரையில் நிற்கும் விமானத்துக்குக் காது பற்றிக் கவலையில்லை.

என்னையும் சேர்த்து அங்கே இரண்டு பயிற்றுநர்கள். இன்னொருவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் ஏர்ஃபோர்ஸ் சார் என்போம். மையத்துக்கு ஒரு மேலாளர். இந்த வேலைக்கு வருவதற்கு முன் லேத் மெஷின் விற்றுக்கொண்டிருந்தவர். விமானத்தைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆடிட் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டாலே சட்டைக் காலரைத் தளர்த்திக்கொள்வார்.

ஒரு காலையில் அவர் ஒரு மின்னஞ்சலை அச்செடுத்து எங்கள் மேஜையில் வைத்தார்.

"விமானப் பயிற்றுநர்கள் எல்லாரும் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சி எடுத்தாகணும். கட்டாயம். மாசக் கடைசிக்குள்ள முடிக்கலேன்னா சிமுலேட்டர ஆன் பண்ணக் கூடாது."

"நம்ம விமானத்த யாரு சார் கடத்திட்டுப் போகப் போறாங்க?" என்று கேட்டேன்.

"அது எனக்கும் தெரியும் மேடம். ஆனா ரூல்ல விமானப் பயிற்றுநர்னுதான் போட்டிருக்கு. விமானம் பறக்கணும்னு போடல."

வாசலில் இருந்த வாட்ச்மேன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வல்லம் ஊர்க்காரர். எங்கள் மையத்தின் மொத்தப் பாதுகாப்பும் அவர் ஒருவர்தான்.

"பாதுகாப்பு கிளாஸா சார்? நானும் வந்து குந்திக்கட்டுமா?"

மேலாளர் மின்னஞ்சலை மறுபடி படித்துப் பார்த்தார். "பயிற்றுநர்களுக்கு மட்டும்னு இருக்குப்பா," என்றார் வருத்தத்துடன். எனவே பயிற்சி நடந்த அன்று பாதுகாப்புக்காரர் வெளியே உட்கார்ந்து எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டார். உள்ளே கார்ப்பெட் போட்டிருப்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

பயிற்சி கொடுக்க ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்த வெயிலில் கோட்டு போட்டிருந்தார். இதுவரை விமான நிலையங்களில்தான் வகுப்பு எடுத்திருக்கிறார், தகரக் கொட்டகைக்குள் விமானத்தைப் பார்ப்பது அவருக்கு முதல் தடவை. நல்ல மனிதர். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவர். அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

கையில் ஒரு படிவம் வைத்திருந்தார். அதில் உள்ள கேள்விகளை ஒன்றுவிடாமல் கேட்டார்.

"வேலை முடிஞ்சதும் விமானத்த எங்க நிறுத்துவீங்க?"

"இங்கயேதான்," என்றேன்.

"வெளியாள் யாராவது அத நகர்த்திட்டுப் போக வாய்ப்பு இருக்கா?"

ஏர்ஃபோர்ஸ் சார் சற்று யோசித்தார். கேள்வி என்று ஒன்று கேட்கப்பட்டால் சரியான பதில் சொல்வது அவர் வழக்கம். "போல்ட் எல்லாம் கழட்டணும். கூரையப் பிரிக்கணும். அப்புறம் ஒரு கிரேன் வேணும். அம்பது டன் போதும்."

பயிற்சியாளர், 'கிரேன் நடமாட்டத்தைக் கண்காணிக்கவும்' என்று எழுதினார். எழுதிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். எங்களுக்கு நேர் எதிரே கிரேன் வாடகைக்கு விடும் யார்டு. பதினொரு கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அவர் குனிந்து வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்து ப்ரொப்பெல்லர் பூட்டு. சின்ன விமானங்களை யாரும் கிளப்பிக்கொண்டு போகாமல் இருக்க முன்னால் சுற்றும் விசிறியில் பூட்டு போடுவது உண்டு. படிவத்தில் 'உள்ளது', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள்தான். எங்கள் விமானத்தில் ப்ரொப்பெல்லரே இல்லை என்று எழுத இடமில்லை. 'இல்லை' என்று போட்டால் மையம் தேறாது. மேலாளர் எழுந்து போய், தன் பைக்கில் இருந்த சங்கிலிப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, சிமுலேட்டரின் இரும்புக் கால் ஒன்றில் சுற்றிப் பூட்டினார். பயிற்சியாளர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். இருவர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது.

மதியத்துக்கு மேல் சந்தேகத்துக்குரிய நபரை எப்படி அடையாளம் காண்பது என்ற பாடம். ஏழு அறிகுறிகள் சொன்னார். தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் நிற்பது, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது, பார்த்ததைக் குறித்துக்கொள்வது, பயிற்சி நேரங்களை விசாரிப்பது, இப்படிப் போயிற்று. முதுகில் பையோடு காரணமில்லாமல் காத்திருப்பதும் அதில் ஒன்று. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்தேன். ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் முதுகில் பையோடு காத்திருந்தார்கள். அவர்கள் பார்வையில் ஸ்கூட்டரை நிறுத்தி ஒவ்வொருவராக உற்றுப் பார்த்த நான்தான் சந்தேகத்துக்குரிய நபராக இருந்திருப்பேன்.

கடைசியில் இருபது கேள்விகளுக்கு ஒரு தேர்வு. நான் தேறிவிட்டேன். ஏர்ஃபோர்ஸ் சார் இரண்டு தடவை தோற்றார். அறிமுகமில்லாத நபர் விமானத்தின் அருகே நின்றால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு அவர் ஒவ்வொரு முறையும் 'நானே பிடிப்பேன்' என்ற விடையைத் தேர்ந்தெடுத்தார். 'மேலதிகாரிக்குத் தகவல் தெரிவிப்பேன்' என்பதுதான் சரியான விடை.

"மேலதிகாரி யாரு? இவரா?" என்று மேலாளரைக் காட்டிக் கேட்டார்.

"ஆமா சார்."

"இவருக்குத் தகவல் சொன்னா, இவர் எங்கிட்ட வந்துதான் புடிங்கன்னு சொல்வாரு."

மேலாளர் ஆமாம் என்று தலையாட்டினார். மூன்றாவது தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு, ஏர்ஃபோர்ஸ் சாரும் தகவல் தெரிவித்துத் தேறினார்.

கிளம்பும்போது பயிற்சியாளர் ஒன்று சொன்னார். இன்னும் செய்முறைத் தேர்வு பாக்கி இருக்கிறதாம். அடுத்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள், அவர்கள் நிறுவனத்திலிருந்து ஒருவர் சந்தேகத்துக்குரிய நபராக நடித்துக்கொண்டு வருவார். எப்போது, எந்த வேடத்தில் என்று சொல்ல மாட்டார்கள். நாங்கள் அவரைக் கண்டுபிடித்துப் படிவம் எழுத வேண்டும். விட்டுவிட்டால் முழுப் பயிற்சியும் மறுபடி முதலிலிருந்து.

அந்த வாரம் எங்கள் மையத்தில் யாரும் யாரையும் இயல்பாகப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை ஏர்ஃபோர்ஸ் சார் தண்ணீர் கேன் போடுகிறவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

"சார், நான் தெனிக்கும் வர்றவன் சார்."

"அதான். திரும்பத் திரும்ப வர்றது ஒரு அறிகுறி."

"தண்ணி தீர்ந்துபூட்டா வர வேணாமா?"

ஏர்ஃபோர்ஸ் சார் கேனை வாங்கிக்கொண்டு அவரை விட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை ஒரு மாணவனின் அப்பா மதுரையிலிருந்து வந்து, மகன் விமானி இருக்கையில் உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்தார். மேலாளர் அவருடைய போனை மரியாதையாக வாங்கி, மரியாதையாகப் படங்களை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் நடிக்க வந்தவர் இல்லை என்பது, அவர் உண்மையாகவே கண்கலங்கிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. மறுபடி உட்காரவைத்து நானே பத்துப் படம் எடுத்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அவரைப் பார்த்தேன்.

எங்கள் கொட்டகையின் பக்கவாட்டில், காம்பவுண்டுச் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே ஓர் ஆள் நடந்துபோகும் அளவுக்குச் சந்து இருக்கிறது. அங்கே நீலச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காதைத் தகரத்தில் வைத்திருந்தார். உள்ளே ஏர்ஃபோர்ஸ் சாரின் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து எதையோ குறித்தார். மறுபடி காதை வைத்தார். ஏழு அறிகுறிகளில் நான் நின்ற இடத்திலிருந்தே ஐந்தை எண்ண முடிந்தது.

படிவத்தின்படி நான் போய் மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். நேராக நீலச் சட்டைக்காரரிடமே போய்விட்டேன்.

"என்னண்ணா எழுதறீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஓடவில்லை. நோட்டை மூடிக்கொண்டு, "தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். பக்கத்து கம்பெனிதான். நாலாம் நம்பர் பிரஸ்," என்றார்.

"அந்த நோட்டக் கொஞ்சம் காட்டுங்க."

தயங்கிவிட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு இரண்டு பத்தி. ஒன்றின் தலைப்பில் 'சார்' என்றும் இன்னொன்றில் 'மேடம்' என்றும் எழுதியிருந்தது. கீழே பெருக்கல் குறிகள். 'சார்' பத்தி அநேகமாகக் காலியாகக் கிடந்தது. 'மேடம்' பத்தியில் ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு, ஒரு நாள் ஒன்பது.

"இது என்ன கணக்கு?"

"எத்தினி தபா வுழுந்துச்சுன்னு மேடம்."

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. அவருடைய நாலாம் நம்பர் பிரஸ், அதாவது ரப்பரை அச்சில் அழுத்தும் இயந்திரம், எங்கள் தடுப்புத் தகரத்தை ஒட்டி இருக்கிறது. அந்தப் பக்கம் சிமுலேட்டரின் சத்தம் எல்லாம் கேட்கும். விமானம் தரையை நெருங்கக் கூடாத விதத்தில் நெருங்கினால் ஓர் இயந்திரக் குரல் 'புல் அப், புல் அப்' என்று கத்தும். மேலே தூக்கு என்று அர்த்தம். தூக்காவிட்டால் ஒரு பெரிய சத்தம், பிறகு அமைதி. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் மையம் திறந்த முதல் நாள், அந்தச் சத்தத்தைக் கேட்டு இவர் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடி வந்திருக்கிறார். உள்ளே பொம்மைப் பிளேன்தான் என்று வாட்ச்மேன் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"அப்பறம் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு. லைன்ல எல்லாரும் கேப்பாங்க, இன்னிக்கு எத்தினின்னு. அதான் எழுதி வெச்சிக்கினு கீறேன். சாப்பாட்டு நேரத்துல இப்பிடி வெளிய வந்து கேப்பேன்." நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டார். "அந்தப் பொம்பளக் கொரலு நீங்கதானே மேடம்?"

"ஆமா."

"உங்க கையிலதான் நெறயப் பேரு சாவுறாங்க. அந்த சார் கையில எப்பவாவது ஒருத்தர்தான்."

பத்து வருடம் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். என்னுடைய வேலையை யாரும் இவ்வளவு நாள் தொடர்ந்து கவனித்து, இவ்வளவு தெளிவாக எழுதி வைத்ததில்லை. கோபம் வந்தது. அவருக்கு விளக்கம் சொல்லாமல் அங்கிருந்து நகர என்னால் முடியவில்லை.

"அந்த சார், புள்ளைங்க தப்பு பண்ணா ஒடனே கைப்பிடியப் புடிச்சி அவரே தூக்கிடுவாரு. நான் புடிக்க மாட்டேன். விழட்டும்னு விடுவேன். விழுந்தாத்தான் எங்க தப்புன்னு தெரியும். இங்கதான் விழலாம், வேற எங்கயும் விழ முடியாதுல்ல?"

அவர் தலையாட்டினார். யோசித்தார். "எங்க சூப்பர்வைசர் அந்த சார் மாதிரி. கைய வெச்சாலே புடுங்கிக்குவாரு. பத்து வருசமா அதே பிரஸ்ஸுதான். இன்னும் அதுக்கு செட்டிங் போடத் தெரியாது எனுக்கு."

எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் படிவம் இருந்தது. அவரை அழைத்துக்கொண்டு மேலாளரின் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், நீலச் சட்டையையும் நோட்டையும் பார்த்த மேலாளர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதமா நடிச்சீங்க சார். யூனிஃபார்மெல்லாம் எங்க புடிச்சீங்க?"

"கம்பெனில குடுத்தாங்க," என்றார் அவர்.

"பாருங்க, எவ்வளவு இயல்பா பேசுறாரு. சார் டீ சாப்டுறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலாளரிடம் விஷயத்தைச் சொல்ல முயன்றேன். அதற்குள் அவர் பயிற்சியாளருக்குப் போன் போட்டு, உங்கள் ஆளைப் பிடித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"அவங்க ஆளு மஞ்ச டி-ஷர்ட்டாம். காலைல ஏழரைக்கே அனுப்பிட்டாராம். போன் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்காம்."

ஆக, சந்தேகத்துக்குரிய நபரைக் காணவில்லை.

பயிற்சியாளர் ஒரு மணி நேரத்தில் காரில் வந்து இறங்கினார். கோட்டு இல்லை. முகம் வெளுத்திருந்தது. அனுப்பியது அவருடைய ஒன்றுவிட்ட தம்பியாம். எம்.பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிற பையன். இதுதான் அவனுக்கு முதல் வேடம். நாங்கள் இரண்டு வண்டிகளில் தேடப் புறப்பட்டோம். மஞ்சள் டி-ஷர்ட் போட்டு சந்தேகப்படும்படியாக யாரையாவது பார்த்தீர்களா என்று ஷேர் ஆட்டோக்காரர்களைக் கேட்டோம். இருட்டும் நேரத்தில் ஒருவர் சொன்னார், "காலைல ஒருத்தர ஏத்தினேன் சார். ஆனா சந்தேகப்படற மாதிரிலாம் ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போறவரு மாதிரிதான் இருந்தாரு."

அவர் காட்டிய இடம், வேறொரு தொழிற்பேட்டையில் எங்கள் பிளாட் எண்ணையே கொண்ட தொழிற்சாலை. காருக்கு ஒயர் கட்டுகள் தயாரிக்கும் இடம். கேட்டில் விசாரித்துக்கொண்டிருந்தபோதே ஓவர்டைம் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். அந்த வரிசையில், தலையில் வலைத் தொப்பியும் காலில் சேஃப்டி ஷூவுமாக, பயிற்சியாளரின் தம்பி வந்துகொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். காலையில் அவன் அந்த கேட்டின் முன்னால் நின்று, சொல்லிக்கொடுத்தபடி இங்கும் அங்கும் பார்த்திருக்கிறான். செக்யூரிட்டி வந்து, "கான்ட்ராக்ட் ஆளா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்பதுதான் நடிப்புக்குப் பொருத்தம் என்று நினைத்து ஆமாம் என்றிருக்கிறான். ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, போனை லாக்கரில் போட்டுவிட்டு, உள்ளே அனுப்பிவிட்டார்கள். அன்று லைனில் ஆள் குறைவு.

"மூணு தடவ சந்தேகப்படற மாதிரி சுத்திப் பாத்தேண்ணா," என்றான் அண்ணனிடம். "பாத்ரூம் அந்தப் பக்கம்னு கை காட்டுனாங்க."

"யார்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்லடா?"

"பிடிபடுற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்ன. யாரும் பிடிக்கலயே."

லைன் சூப்பர்வைசர் அவன் பின்னாலேயே வந்தார். நாங்கள் யார் என்று கூடக் கேட்கவில்லை. "தம்பி நாளைக்கும் வந்துடு. கை நல்லா வேகமா வருது," என்று சொல்லிவிட்டுப் போனார். பயிற்சியாளர் தம்பியின் தோளில் கையைப் போட்டுக் காருக்குக் கூட்டிப் போனார். அவன் ஷூவைக் கழற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே போனான்.

மறுநாள் காகிதச் சிக்கல் தொடங்கியது. நான் பிடித்தவர் உண்மையிலேயே சந்தேகத்துக்குரியவர் என்றால் மேலே தெரிவிக்க வேண்டும், போலீஸ் வரும். அவர் நடிக்க வந்தவர் என்றால் பயிற்சி நிறுவனத்தின் பட்டியலில் அவர் பெயர் இருந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. முந்தைய தேதியிட்டுப் பட்டியலில் சேர்த்துவிடலாமா என்றார் மேலாளர். பொய்யாக எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பயிற்சியாளரும் மாட்டேன் என்றார். அவர் யோசித்து ஒரு நேர்மையான வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை பிரஸ்காரருக்கு வார விடுமுறை. அன்று அவரை முறைப்படி நியமித்து, சந்தேகத்துக்குரிய நபராக அனுப்புவது. நாங்கள் முறைப்படி பிடிப்பது.

பிரஸ்காரர் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை வைத்தார். "ஒரே ஒரு தபா உள்ள குந்தி ஓட்டிப் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் விபூதியோடு தன் ஊரான பென்னலூரிலிருந்து வந்தார். பயிற்சியாளர் அவரிடம் நிறைய சொல்லி அனுப்பியிருந்தார். யார் கண்ணையும் பார்க்க வேண்டாம், பம்மி பம்மி நடக்க வேண்டும் என்றெல்லாம். ஆனால் வாசலில் வாட்ச்மேன், "வாண்ணே, சாப்டியா?" என்று கேட்டார். இவர் நின்று சாப்பிட்டுவிட்டதாகவும் வீட்டில் எல்லோரும் நலம் என்றும் சொன்னார். பிறகு ஞாபகம் வந்து, பம்மியபடி உள்ளே வந்தார். ஏர்ஃபோர்ஸ் சார் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து அவரைப் பிடித்தார். பிடித்த கையோடு மேலாளரிடம் தகவல் தெரிவித்தார். மேலாளர், "புடிச்சு வைங்க சார்," என்றார். நான் படிவம் எழுதினேன். பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்து, தேர்ச்சி என்று எழுதினார். எல்லாம் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அதன்பின் நான் அவரை இடது இருக்கையில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கிளம்பினோம். கிளம்புவதை நானே செய்து, மேலே போனதும் கைப்பிடியை அவரிடம் விட்டேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வியர்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம பக்கம் போலாமா மேடம்?" என்றார்.

மேற்காகத் திருப்பச் சொன்னேன். செம்பரம்பாக்கம் ஏரி வந்தது. அதைத் தாண்டியதும் வெறும் பச்சை. அவர் முன்னால் குனிந்து திரையைத் தேடினார்.

"பென்னலூரக் காணமே."

"இதுல அவ்ளோ விவரம் போட மாட்டாங்கண்ணா. ஏர்போர்ட்டச் சுத்தி மட்டுந்தான் கட்டடம் வரைஞ்சிருப்பாங்க."

"அப்ப எங்க வூடு?"

"இல்ல."

"நம்ம ரெண்டு கம்பெனியும்?"

"அதுவும் இல்ல."

கீழே மறுபடி பார்த்தார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "அப்ப நாளைக்கு ஷிப்டு இல்ல," என்றார்.

அந்தப் பச்சையின் மேல் மூன்று சுற்றுச் சுற்றினார். பெருமாள் கோயில் எங்கே வரும், டோல்கேட் எங்கே வரும், மகள் படிக்கும் காலேஜ் எங்கே வரும் என்று திரையில் விரலால் காட்டிக்கொண்டே வந்தார். பச்சையில் அவருக்கு எல்லாம் தெரிந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. தலையசைத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும் நேரம் வந்தது. ஓடுபாதையை நெருங்கும்போது இயந்திரக் குரல் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வரும். ஐம்பது, நாற்பது, முப்பது. அவர் உதடுகளும் கூடவே அசைந்தன. இரண்டு வருடமாகத் தகரத்தின் வழியாகக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்தது. குரல் தெரிந்ததே தவிரக் கை தெரியவில்லை. மூக்கு கீழே போய்க்கொண்டே இருந்தது. என் கை தானாகக் கைப்பிடியை நோக்கிப் போயிற்று. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பெரிய சத்தம். திரை சிவப்பானது.

அவர் கைப்பிடியை விட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, அன்றைய தேதி போட்டு, ஒரு புதிய பத்தி பிரித்து, தன் பெயரை எழுதி ஒரு பெருக்கல் குறி போட்டார். இன்னும் இரண்டு தடவை விழுந்தார். நான்காவது தடவை ஓடுபாதைக்குப் பக்கத்தில் புல் தரையில் இறக்கினார். விமானம் முழுசாக நின்றது. பயணிகள் இருந்திருந்தால் நடந்து வெளியே வந்திருப்பார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கியவர், என்னைப் பார்த்துச் சொன்னார்: "புடுங்காம வுட்டீங்களே மேடம், அது போதும்."

எங்கள் சான்றிதழ்கள் மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் வந்து சேர்ந்தன. கூடவே ஒரு பரிந்துரை. பயிற்சி விவரங்கள் சுவர் வழியாக வெளியே கசிவதால் தடுப்பை ஒலி புகாதபடி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. மேலாளர் இரண்டே நாளில் பஞ்சுப் பலகை அடித்துவிட்டார். பக்கத்து கம்பெனி லைனில் எல்லோரும் மனக்குறைப்பட்டதாக வாட்ச்மேன் சொன்னார். நானும் முதல் ஒரு வாரம் வகுப்பில் ஏன் இவ்வளவு சத்தமாகப் பேசுகிறீர்கள் என்று மாணவர்கள் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தேன்.

பயிற்சியாளரின் தம்பி மறுபடி நடிக்க வரவில்லை. ஒயர் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்துவிட்டான், இந்த முறை அலுவலகப் பிரிவில். இதனால் பயிற்சியாளருக்கு ஆள் தேவைப்பட்டது. பிரஸ்காரரைக் கேட்டிருக்கிறார். இப்போது வார விடுமுறைகளில் அவர், கிண்டியிலிருந்து செங்கல்பட்டு வரை பயிற்சி மையங்களுக்கும் கிடங்குகளுக்கும் சந்தேகத்துக்குரிய நபராகப் போய் வருகிறார்.

போன மாதம் டீக்கடையில் பார்த்தபோது, எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"எங்க மேடம்? நாலு எடத்துக்குப் போயிட்டேன். ஒருத்தனும் புடிக்க மாட்டேங்கறான். நானும் நல்லாத்தான் பம்மறேன். ஒரு எடத்துல சேர் போட்டு குந்த வெச்சாங்க. இன்னொரு எடத்துல லோடு எறக்க ஆள் பத்தல, கொஞ்சம் கை குடுன்னாங்க. எறக்கிக் குடுத்துட்டு வந்தேன்."

"அடுத்த ஞாயித்துக்கெழம எங்கண்ணா?"

கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"அது சொல்லக் கூடாது மேடம்," என்றார்.